சங்கிலி எங்கே சார்?

பத்திரிகையில் அடிக்கடி கண்ணில் படுகிற செய்திதான். ஏதோ ஒரு பட்டறையில், ஓட்டல் சமையலறையில், ஆஸ்பத்திரியில் சிலிண்டர் வெடித்தது... இத்தனை பேர் பலி... கடைசி வரியில், 'ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்று தெரிகிறது' என்று முடித்திருப்பார்கள். படித்துவிட்டு 'உச்' கொட்டி, பக்கத்தைத் திருப்பி விடுகிறோம்.

எனக்கு அந்தக் கடைசி வரி மீதுதான் கோபம். கவனக்குறைவு என்றால் யாருடைய கவனக்குறைவு? சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து இறக்கிய பையனுடையதா? அதை வைக்க ஓர் இடம்கூட ஒதுக்காமல், "அங்க எங்கயாவது ஓரமா வைடா" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்த முதலாளியுடையதா?

வீட்டு கேஸ் விஷயத்தில் நாம் ஓரளவு தேறிவிட்டோம். ராத்திரி படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுகிறோம், ரப்பர் ட்யூபை மாற்றுகிறோம், வாசனை வந்தால் ஜன்னலைத் திறக்கிறோம். ஆனால் நம் வீட்டு மனிதர்கள் பகலெல்லாம் வேலை பார்க்கிற இடத்தில் சிலிண்டர் எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில், மகன் ஏ.ஸி. சர்வீஸில், மகள் நர்ஸாக, மைத்துனர் ஓட்டல் சூபர்வைசராக என்று ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ஏதாவது ஒரு சிலிண்டருக்குப் பத்தடிக்குள்தான் அவர்களுடைய நாள் போகிறது.

முதலில் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்வோம். நோயாளியைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நர்சிங் ஹோமுக்குப் போகிறீர்கள். மாடிப்படிக்குக் கீழே, பழைய கட்டில், உடைந்த ஸ்ட்ரெச்சர், அட்டைப்பெட்டிகள் இவற்றுக்கு நடுவே நாலைந்து ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் நிற்கும். ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். இன்னொன்று அதன் மேல் சாய்ந்திருக்கும். சங்கிலி? கிடையாது. பக்கத்திலேயே குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் சிலிண்டர் மேல் ஆயாவின் ஈரத்துணிகூடக் காய்வதுண்டு!

பெரிய சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ ஐந்தடி உயரம். நிரப்பி வந்தால் எடை 60 கிலோவைத் தாண்டும். அத்தனையும் நிற்பது ஒரு சாண் அகல அடிப்பாகத்தில். தோள்பட்டை இடித்தால் போதும், சாய்ந்துவிடும். காலில் விழுந்தால் எலும்பு நொறுங்கும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது.

கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30 பி.எஸ்.ஐ. சொச்சம். நிரம்பிய ஆக்ஸிஜன் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் 2,000 பி.எஸ்.ஐ.க்கும் மேல். டயரைப் போல் அறுபது, எழுபது மடங்கு! இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது உச்சியில் இருக்கிற பித்தளை வால்வு. சிலிண்டரின் கனமான எஃகு எதையும் தாங்கும். வால்வு தாங்காது. சிலிண்டர் சாய்ந்து, வால்வு ஏதாவது விளிம்பில் மோதி ஒடிந்துவிட்டால், வாயு அத்தனையும் அந்தச் சின்னத் துளை வழியே பீறிட்டு வெளியே வரும். சிலிண்டர் எதிர்த்திசையில் ராக்கெட் மாதிரி பாயும். செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற வேகம் அது.

இதற்காகத்தான் வால்வின் மேல் திருகி வைக்க இரும்பு மூடி ஒன்று உண்டு. அந்த மூடி இப்போது எங்கே இருக்கிறது என்று எந்தப் பட்டறையிலாவது கேட்டுப் பாருங்கள். ஆணி, போல்ட் போட்டு வைக்கிற கிண்ணமாகவோ, பீடி சாம்பல் தட்டுகிற கிண்ணமாகவோ இருக்கும்.

"ஆக்ஸிஜன் தீப்பிடிக்காதே சார், அது உயிர் காக்கிறதுதானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உண்மைதான், ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் பேயாட்டம் ஆட வைக்கும். சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவிகிதம். ஓர் அடைத்த அறையில் சிலிண்டர் கசிந்து அது 24, 25 சதவிகிதம் ஆனாலே, போர்வை, தலையணை, கட்டியிருக்கிற சேலை எல்லாம் சட்டென்று பற்றி, கொழுந்துவிட்டு எரியும். கசிவது மூக்குக்கும் தெரியாது. சமையல் கேஸுக்குக் கலக்கிற நாற்றப் பொருள் ஆக்ஸிஜனில் கிடையாது. துணியில் ஏறிய ஆக்ஸிஜன் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கியிருக்கும். அந்தத் துணியோடு போய் ஒருவர் பீடி பற்ற வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

2021 ஏப்ரலில் பாக்தாத் நகரில், கோவிட் நோயாளிகள் இருந்த மருத்துவமனையில் ஆக்ஸிஜன் சிலிண்டர்களிலிருந்து கிளம்பிய தீயில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2024 மே மாதம் டெல்லி விவேக் விஹாரில், பச்சிளங்குழந்தைகளுக்கான ஒரு தனியார் மருத்துவமனையில் ராத்திரி நேரத்தில் தீப்பிடித்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துச் சிதறின. ஏழு சிசுக்கள் இறந்துபோயின. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள்! அந்தப் பெற்றோர்கள் டாக்டரைப் பார்த்திருப்பார்கள், இன்குபேட்டரைப் பார்த்திருப்பார்கள். சிலிண்டர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆஸ்பத்திரியில் வெடிக்காமலே உயிரை வாங்கும் ஒரு வழியும் உண்டு. காலி சிலிண்டரையும் நிரம்பிய சிலிண்டரையும் ஒன்றாகக் கலந்து நிறுத்தி வைப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. வார்டு பாய் ஓடிப்போய்ச் சிலிண்டரை உருட்டி வருகிறார், மாட்டுகிறார், முள் நகரவில்லை. காலி! திரும்ப ஓடுகிறார். அந்த நாலைந்து நிமிஷத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். இதைத் தடுக்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். 'நிரம்பியது', 'காலி' என்று இரண்டு தகர போர்டு, நடுவில் ஒரு தடுப்பு. அவ்வளவுதான் செலவு.

காலி என்று நாம் சொல்வதும் முழுக் காலி இல்லை. உள்ளே கொஞ்சம் வாயு எப்போதும் மிச்சம் இருக்கும். அதனால்தான் 'காலி'யானாலும் வால்வை இறுக மூடி, மூடி போட்டு, கட்டி வைக்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊரிலோ 'காலி' என்று தெரிந்த கணமே அதற்கு மரியாதை போய்விடுகிறது. கிடத்தி உருட்டுவார்கள், உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

வெல்டிங் பட்டறைக்கு வருவோம். இங்கே இரண்டு சிலிண்டர்கள் ஜோடியாக நிற்கும். கறுப்பு, ஆக்ஸிஜன். செம்பழுப்பு, அஸிட்டிலீன். பட்டறைக்காரர்கள் 'டி.ஏ.' என்பார்கள். இந்த டி.ஏ. ஒரு தனி ரகம். சிலிண்டருக்குள் பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அதில் அஸிட்டோன் என்கிற திரவத்தை ஊற வைத்து, அந்தத் திரவத்தில்தான் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அஸிட்டிலீனைத் தனியாக அழுத்தினால், காற்றே இல்லாவிட்டாலும் அது தானாகச் சிதைந்து வெடித்துவிடும். சிலிண்டரைப் படுக்கப் போட்டால் அஸிட்டோன் வால்வுப் பக்கம் வந்து, திறந்ததும் வாயுவோடு சேர்ந்து வெளியேறும். அதனால் டி.ஏ. எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். படுத்த நிலையில் வந்துவிட்டால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். நம் ரோடுகளில் டி.ஏ. எப்படிப் பயணம் செய்கிறது? மொபெட்டின் பின்னால் குறுக்கே படுத்துக்கொண்டு!

வேலை நடக்கும்போது இரண்டும் ஒரே டிராலியில் சங்கிலியோடு நிற்பது சரி. வேலை முடிந்து சேமித்து வைக்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கூடாது. நெருப்புக்குத் தீனி ஒன்றில், அதை ஊதிவிடுகிற காற்று இன்னொன்றில். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி, இரண்டுக்கும் நடுவே 20 அடி இடைவெளி வேண்டும், அல்லது அரை மணி நேரம் தீயைத் தாங்கும் ஐந்தடிச் சுவர் வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. கேஸ் சிலிண்டர் விதிகள், 2016 என்று ஒன்று இருக்கிறது. தீப்பற்றும் வாயுவை மற்றவற்றிலிருந்து போதிய இடைவெளி விட்டோ சுவர் வைத்தோ பிரிக்கவேண்டும், காற்றோட்டமான, வெயில் படாத இடம் வேண்டும், காலி வேறு நிரம்பியது வேறு, சமையல் கேஸும் அஸிட்டிலீனும் நின்ற வாக்கில்தான், சாய்ந்து விழாதபடிதான்... எல்லாம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதற்குப் பொறுப்பு. ஆனால் இரண்டு ஆள் வேலை செய்கிற தகரக் கொட்டகைப் பட்டறைக்கு நாக்பூரிலிருந்து யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

எண்ணெய் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிஜன் வால்வில், ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜன் பாயும்போது எண்ணெய் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வால்வு இறுகியிருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு இரண்டு சொட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று பட்டறைப் பக்கம் போனால் இன்னொரு காட்சி! சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எதிரிலேயே எண்ணெய் விளக்கு, கற்பூர ஆரத்தி. பக்தியைக் குறை சொல்லவில்லை. சோறு போடுகிற ஆயுதத்தை வணங்க வேண்டியதுதான். ஆனால் கற்பூரத்தை டார்ச்சுக்கும் சுத்தியலுக்கும் காட்டிவிட்டு, சிலிண்டருக்குத் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்ளவா போகிறாள்?

ஓட்டல், கேட்டரிங் பக்கம் கதை வேறு. அங்கே 19 கிலோ சிலிண்டர்கள். சமையல் கேஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாது. தரையோடு தண்ணீர் போலத் தவழ்ந்து, பள்ளத்தில், சாக்கடையில், கீழ்த்தளத்தில் போய்த் தேங்கும். ஆகவே கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் சிலிண்டர் வைப்பது போல முட்டாள்தனம் வேறில்லை. கசிவது ஓரிடம், பற்றுவது நாற்பதடி தள்ளி இன்னோரிடம் என்று ஆகிவிடும்.

நல்ல ஓட்டல்களில் 'கேஸ் பேங்க்' என்று கட்டிடத்துக்கு வெளியே கம்பி வலைக்குள் சிலிண்டர்களை வைத்து, குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். மற்ற இடங்களில் எரிகிற அடுப்பின் காலடியிலேயே ஒன்று, அதன் பக்கத்தில் மாற்றுச் சிலிண்டர் இரண்டு. ஒன்றில் தீப்பிடித்தால் மற்ற இரண்டையும் அது சூடேற்றும். சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறும். கடைசியில் சிலிண்டரே கிழியும். ஸ்டாக் வைப்பதற்கும் அளவு உண்டு. மொத்தம் 100 கிலோவுக்கு மேல் சமையல் கேஸ் வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. ஆறாவது உள்ளே வந்தால் சட்டம் தாண்டியாயிற்று. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் போய் எண்ணிப் பாருங்கள்!

2022 டிசம்பரில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் புங்ரா கிராமத்துக் கல்யாண வீடு ஒன்றில் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்து, 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகக் கூடியிருந்த சொந்த பந்தங்கள். 2023 ஆகஸ்ட்டில் நம் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள், விதியை மீறிக் கொண்டு வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்கள். இரண்டு இடத்திலும் சிலிண்டர் என்கிற பொருள் புதிதல்ல. அது இருக்கக்கூடாத இடத்தில், கூட்டத்தின் நடுவில் இருந்தது.

தீப்பிடிக்காத வாயுக்கள் சாதுவானவை என்று நினைக்க வேண்டாம். நைட்ரஜன், ஆர்கான், கார்பன் டை ஆக்ஸைடு மூன்றும் சின்ன அறையில் கசிந்தால் ஆக்ஸிஜனை விரட்டிவிடும். உள்ளே போன ஆள் தலை சுற்றி விழுவார். தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூனுக்கு ஹீலியம் நிரப்புகிற சிலிண்டர் வெடித்து, ஒருவர் இறந்து, பலர் காயமடைந்தார்கள். ஹீலியம் தீப்பிடிக்காத வாயு. அழுத்தம் ஒன்றே போதும் உயிரெடுக்க.

முதலாளிகளிடம் இதைப் பேசினால் மூன்று பதில்கள் வரும். முதல் பதில், "இடம் எங்க சார் இருக்கு? வாடகை என்னன்னு தெரியுமா?" இதே முதலாளி சாமி படத்துக்கு ஓர் அலமாரி, செருப்புக்கு ஒரு ஸ்டாண்டு, தன் பைக்குக்கு நிழலான ஒரு மூலை எல்லாம் ஒதுக்கியிருப்பார். ஆறு சிலிண்டர் நிற்க ஒரு கட்டில் அளவு இடம் போதும். வெளிச்சுவரை ஒட்டி, மேலே ஒரு ஷீட், சுவரில் இரண்டு கொக்கி, குறுக்கே ஒரு சங்கிலி. பட்டறையிலேயே வெல்டர் இருக்கிறார், கம்பி இருக்கிறது. ஒரு மத்தியான வேலை அது.

இரண்டாவது பதில், "இருபது வருஷமா இப்படித்தான் வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலியே." இதற்கு நான் பதில் சொல்வதில்லை.

மூன்றாவது பதில்தான் யோசிக்க வேண்டியது. "சங்கிலி போட்டேன் சார், பசங்க கழட்டிட்டுத் திரும்ப மாட்ட மாட்டேங்கறாங்க." இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் மாட்டுவதில்லை என்று பார்த்தால், பாதி இடங்களில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீளச் சங்கிலி இருக்கும். ஒன்றை எடுக்க ஆறையும் அவிழ்க்க வேண்டும். டிராலி இருக்காது. அறுபது கிலோவைச் சாய்த்து, உருட்டி, தூக்கி, இடுப்பு விட்டுப்போன பையன் சங்கிலியை வேறு மாட்டுவானா? ஒவ்வொரு ஜோடிக்கும் தனிச் சங்கிலி, வாங்கி வைத்த ஒரு டிராலி இரண்டும் இருந்தால் பழக்கம் தானாக வரும். இந்த வேலையில் முதுகுத்தண்டு வட்டு விலகி, நாற்பது வயதில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் 'கவனக்குறைவு' என்றுகூட எழுதுவதில்லை.

ஆகவே பழியைச் சரியான வாசலில் வைப்போம். கழற்றிய சங்கிலியை மாட்டாதது தொழிலாளியின் தவறு. மாட்டுவதற்குச் சங்கிலியே இல்லாதது முதலாளியின் தவறு. பின்னதுதான் நம் ஊரில் அதிகம்.

நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையவே முடியும். பிரசவத்துக்கு நர்சிங் ஹோம் பார்க்கப் போகிறபோது ஏ.ஸி. ரூம் வாடகை, டாக்டர் ராசியானவரா என்பதெல்லாம் விசாரிக்கிறோம். "ஆக்ஸிஜன் சிலிண்டரெல்லாம் எங்கேம்மா வெச்சிருக்கீங்க?" என்று ரிசப்ஷனில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருமுன் சங்கிலி வந்துவிடும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன், "சிலிண்டர் பந்திக் கூடத்துக்கும் வாசல் வழிக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது" என்று கேட்டரிங்காரரிடம் சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கிறவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

உங்கள் குடும்பமே தொழில் நடத்துகிறதென்றால் கேள்வியை வீட்டிலேயே கேட்கலாம். வீட்டம்மா கேட்டால் நடக்காத காரியமா? கணவரோ மகனோ வேறு இடத்தில் வேலை பார்க்கிறார் என்றால், "உங்க பட்டறையில சிலிண்டரைக் கட்டி வெச்சிருக்காங்களா?" என்று ராத்திரி சாப்பாட்டின்போது கேளுங்கள். வெளியே போகிற வழியில் சிலிண்டர் நிற்கிறதா என்றும் கேளுங்கள். தீப்பிடித்தால் ஓடவேண்டிய கதவை மறித்துக்கொண்டுதான் பல இடங்களில் சிலிண்டர் நிற்கிறது. வாசலில் 'உள்ளே இன்ன வாயு சிலிண்டர் இருக்கிறது' என்று ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையுமுன் முதலில் கேட்பது அதைத்தான்.

சமையல் கேஸ் வாசனை வந்தால் பட்டறையானாலும் ஓட்டலானாலும் சுவிட்சைத் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எட்டுகிற தூரத்தில் தீ இல்லையென்றால் வால்வை மூடி, எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, வெளியே நின்று 1906-க்குப் போன் செய்யலாம். தீ என்றால் 101. சிலிண்டர் ஏற்கெனவே தீயில் சூடாகிக்கொண்டிருக்கிறது என்றால் வாளித் தண்ணீரோடு பக்கத்தில் போகிற வீரமெல்லாம் வேண்டாம். அந்த நேரத்தில் பையன் யாராவது "முதலாளி, உள்ளே இன்னும் ரெண்டு இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று திரும்ப ஓடுவான். அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.